சாப்பாட்டு மேசையில் நாற்பது செடிகள்

போன மாசியில் மூன்று வாரம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிடவில்லை. மேசை நிறையப் பழைய செய்தித்தாள் கட்டுகள். கட்டுக்கு ஐந்து செடி, எட்டுக் கட்டு. பாச்சை உருண்டை வாசமும் காய்ந்த இலை வாசமும் வாசல் வரைக்கும் வந்தது. என் வீட்டுக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு யானைமலை தெரிகிற பின்பக்கத் திண்ணைக்குப் போய்விடுவார். ஒத்தக்கடையில் வெயில் ஏறுவதற்கு முன்னால், காலை ஆறரை மணி வெளிச்சத்தில், நான் ஒவ்வொரு தாளாகப் பிரித்து லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

விஷயம் இதுதான். எங்களுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்த சார் இறந்தபோது, அவரிடம் படித்த ஏழு பேர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வங்கியில் வைத்தோம். அதில் வருகிற வட்டியில் வருடத்துக்கு ஒரு இளம் ஆய்வாளருக்கு 25,000 ரூபாயும் ஒரு கைலென்ஸும் தருகிறோம். செடிகளை இனம்பிரித்துப் பெயர் சொல்கிறவராக இருக்கலாம். எந்தச் செடி எதற்கு உறவு, எப்படிக் கிளைபிரிந்து வந்தது என்று தேடுகிறவராகவும் இருக்கலாம். முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது முடித்து ஐந்து வருடத்துக்குள் இருக்க வேண்டும். நிரந்தர வேலை இருக்கக் கூடாது. மதுரையிலோ சுற்றியுள்ள மாவட்டங்களிலோ காடுமேடு அலைந்து வேலை பார்த்திருக்க வேண்டும். பரிசுக்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. சார் இருந்திருந்தால் தன் பெயரை வைக்க விட்டிருக்க மாட்டார்.

முதல் வருடம் நாங்களும் ஒரு படிவம் தயாரித்தோம். எத்தனை கட்டுரை, எந்த இதழ், அந்த இதழின் இம்பேக்ட் ஃபேக்டர் (அதில் வரும் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்) என்ன, கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கட்டம் கட்டமாக. வேலைக்கு ஆள் எடுக்கிற இடங்களில் கேட்பது அதுதான். நாங்களும் யோசிக்காமல் அப்படியே கேட்டுவிட்டோம். வந்த படிவங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, வகைப்பாட்டோடு, அதாவது செடிகளை இனம்பிரித்துப் பெயர் சொல்கிற வேலையோடு, மருந்துச்செடி ஆராய்ச்சியும் கொஞ்சம் சேர்த்துச் செய்தவருக்கு எண்கள் குவிந்திருந்தன. வகைப்பாடு மட்டுமே செய்தவரின் கட்டங்கள் காலியாகக் கிடந்தன.

ஏன் அப்படி என்று ஆவாரையை வைத்துச் சொல்கிறேன். 1753ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அதற்குக் காசியா ஆரிகுலேட்டா என்று பெயர் வைத்தார். பிறகு இந்தியாவில் வேலை பார்த்த தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் அதைச் சென்னா என்ற பேரினத்துக்கு மாற்றினார். நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டம்தான் பேரினம். இன்றைக்கு அதன் முழுப் பெயர் சென்னா ஆரிகுலேட்டா (எல்.) ராக்ஸ்ப். அடைப்புக்குறிக்குள் ஒற்றை எழுத்தாக இருப்பவர் லின்னேயஸ். முதலில் பெயர் வைத்தவர் உள்ளே, இடம் மாற்றியவர் வெளியே. இரண்டு பேரையும் விடாமல் பிடித்து வைத்திருக்கிற முறை இது, எனக்கு மிகவும் பிடித்த முறை. ஆனால் ஆவாரம்பூவையும் சர்க்கரை நோயையும் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர் இந்தப் பெயரை எழுதிவிட்டு அப்படியே போய்விடுவார். பெயர் வைத்தவரின் நூலைக் கடைசிப் பக்கத்து மேற்கோள் பட்டியலில் சேர்க்கும் வழக்கம் கிடையாது. அதனால் ஒரு பெண் மூன்று வருடம் மலை ஏறி இறங்கி ஒரு செடியின் பெயரைச் சரிசெய்தால், உலகமே அந்தப் பெயரைப் பயன்படுத்தினாலும் அவள் கணக்கில் ஒன்றும் ஏறாது.

படிவத்தைத் தூக்கிப் போட்டோம். மற்ற இடங்களில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தோம். லண்டனில் இருக்கிற லின்னேயன் சங்கம், பிரிட்டனில் அந்த வருடம் தேறிய தாவரவியல் முனைவர் ஆய்வேடுகளில் சிறந்த ஒன்றுக்கு ஐரீன் மேன்டன் பெயரில் பரிசு தருகிறது. அமெரிக்கத் தாவர வகைப்பாட்டாளர் சங்கம், தன் ஆண்டுக் கூட்டத்தில் வேலையின் தொடக்கத்தில் இருப்பவர்கள் படிக்கிற கட்டுரைகளில் சிறந்ததற்கு ஜார்ஜ் கூலி என்பவரின் பெயரில் விருது தருகிறது. மேன்டன் பெரணிகளின் குரோமோசோம்களை எண்ணி அவற்றின் உறவை எழுதியவர். அதே காலத்தில் நம் தாவரவியலாளர் ஜானகி அம்மாளும் குரோமோசோம் எண்ணிக்கொண்டிருந்தார். கோயம்புத்தூரில் கரும்பில் வேலை பார்த்தார், 1945ல் டார்லிங்டன் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளரோடு சேர்ந்து பயிர்ச்செடிகளின் குரோமோசோம் தொகுப்பை வெளியிட்டார். அவர் பெயரில் 1999ல் மத்திய அரசு வகைப்பாட்டுக்கு ஒரு தேசிய விருதை ஏற்படுத்தியது. நல்ல காரியம். ஆனால் பொதுவாக நம் பக்கத்தில் பாராட்டு என்பது ஓய்வுபெறுகிற நாளில் பொன்னாடையாகத்தான் வருகிறது. எங்கள் சாருக்கும் அப்படித்தான் வந்தது. முப்பது வயதில், பஸ் காசுக்கு யோசித்துக்கொண்டு பாதி மலையில் திரும்பி வந்த நாட்களில் யாரும் வரவில்லை.

அதனால் இந்த முறை ஒன்றே ஒன்று கேட்டோம். நீங்களே சேகரித்து, நீங்களே காயவைத்து ஒட்டிய ஐந்து தாள்களை அனுப்புங்கள். கூடவே ஒரு பக்கத்தில், இந்தச் செடிகளில் உங்களுக்கு என்ன கேள்வி இருக்கிறது என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். பார்த்துவிட்டுத் தாள்களைப் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

ஒரு தாளைப் பார்த்தால் ஆளைத் தெரியும் என்பார் சார். வேரோடு எடுத்திருக்கிறாரா, பாதியில் ஒடித்திருக்கிறாரா? எல்லா இலையும் முகம் காட்டிக்கொண்டிருக்கிறதா, ஒன்றிரண்டையாவது திருப்பி வைத்து அடிப்பக்கத்தைக் காட்டியிருக்கிறாரா? பூவும் காயும் ஒரே தாளில் கிடைக்க இரண்டு முறை அதே இடத்துக்குப் போயிருக்க வேண்டும், போனாரா? உதிர்ந்த விதையைச் சின்னக் காகித உறையில் மடித்து ஓரத்தில் ஒட்டியிருக்கிறாரா? கருத்துப்போன இலை, ஐப்பசி மழையில் அழுத்துப் பலகையைக் கட்டி வைத்துவிட்டு இரண்டு நாள் பிரிக்காமல் விட்டதைச் சொல்லிவிடும். தினமும் செய்தித்தாளை மாற்றியிருந்தால் இலை பச்சை குறையாமல் இருக்கும். ஒரு கட்டைப் பிரித்தபோது ஓரத்துச் சீட்டில் நவம்பர் 14 என்று இருந்தது, உள்ளே இருந்த செய்தித்தாளில் நவம்பர் 21. ஏழு நாள் மாற்றி மாற்றி வைத்திருக்கிறார் என்று அதிலேயே தெரிந்தது.

இதெல்லாம் அழகுக்காக இல்லை. ஒரு செடிக்குப் புதுப்பெயர் வைத்தால், அது எந்தத் தாளில் இருக்கிற எந்தச் செடி என்று காட்டியாக வேண்டும். 1958 முதல் அது கட்டாயம். இன்றைக்கு ஒட்டுகிற சாதாரணத் தாளும் நாளைக்கு அந்த இடத்துக்கு வரலாம். 2010ல் வந்த ஓர் ஆய்வு, பூக்கும் தாவரங்களில் புதிதாகப் பெயர் பெற்றவற்றின் மாதிரிகளைத் தேதி பார்த்து எண்ணியது. சேகரித்து ஐந்து வருடத்துக்குள் பெயர் கிடைத்தவை 16 சதவீதம்தான். ஏறக்குறையக் கால்வாசிக்கு, ஐம்பது வருடத்துக்கும் மேல் அலமாரியில் இருந்த மாதிரிகள் தேவைப்பட்டிருக்கின்றன. அவ்வளவு காலம் யாரும் பார்க்காமல் கிடந்த தாளில், பின்னால் வருகிறவருக்கு உதவுவது ஓரத்தில் இருக்கிற சீட்டு ஒன்றுதான்.

சீட்டைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஒரு பழைய வருத்தம் வந்துவிடும். 1991ல் அழகர்மலையில், நூபுரகங்கைக்குப் போகிற வழியில் ஓர் ஓடை இறக்கத்தில், எனக்குத் தெரியாத ஒரு சின்னச் செடியைப் பார்த்தேன். வேரோடு எடுத்து, காயவைத்து, பெயர் கேட்டு வெளியூரில் ஒரு பெரிய இடத்துக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. மூன்று வருடம் கழித்து அந்தச் செடி இந்தப் பக்கத்தில் முதன்முறையாகக் கிடைத்திருக்கிறது என்று ஒரு கட்டுரை வந்தது. இடம் சரியாக இருந்தது, மாதம் சரியாக இருந்தது, என் பெயர் மட்டும் இல்லை. அன்றைக்கு ஆய்வகத்தில் உட்கார்ந்து அழுதேன். சார் ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கி வரச் சொன்னார். அப்புறம், நம் கல்லூரியில் வைத்திருந்த இரண்டாவது தாளை எடுத்து வந்து, அதில் சேகரித்தவர் என்ற இடத்தில் இருந்த என் பெயருக்கு மேல் விரலை வைத்துக் காட்டினார். அதை யாரும் எடுக்க முடியாது என்றார். இளம் ஆய்வாளர்களை அடையாளம் காட்டுவதில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் இருப்பதற்கு அந்த நாள்தான் காரணம்.

பெயர் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டவர்களும் இருந்திருக்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக வந்து, தென்னிந்தியச் செடிகளை எழுதிய ராபர்ட் வைட், தனக்குப் படம் வரைந்த ரங்கையா, கோவிந்து இருவரின் பெயரையும் படத்தின் அடியிலேயே அச்சிட்டார். ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரை வைத்தார். ரங்கையாவின் பெயரில் ருங்கியா என்ற பேரினம் இருக்கிறது. அதில் ஒன்றான கோடகசாலை எங்கள் தெருவில் வாய்க்கால் ஓரம் தானாக முளைத்துக் கிடக்கிறது. மாணவர்களை அழைத்துப் போகும்போதெல்லாம் அதன் முன்னால் நிறுத்தி ரங்கையாவைப் பற்றிச் சொல்வேன்.

சரி, ஒன்பது விண்ணப்பங்களுக்கு வருகிறேன். ஒன்பதாவது ஆள் தாள் அனுப்பவில்லை. ஒரு கவரில் அச்சிட்ட படங்களும், அறுபது செடிகளின் டிஎன்ஏ வரிசையை வைத்துப் போட்ட ஓர் உறவு மரமும் வந்தன. பையன் நன்றாக உழைத்திருந்தான். எங்கள் குழுவில் இருக்கிற, பெங்களூரில் மரபணு ஆய்வகத்தில் வேலை பார்க்கிற என் பழைய மாணவன் வீடியோ அழைப்பில் அவனுக்காகவே பேசினான்.

"மேடம், இலையையும் பூவையும் பார்த்துப் பேர் வைக்கிற காலம் முடிஞ்சு போச்சு. கேள்வி பெருசா இருக்கு பாருங்க. இவனுக்குத்தான் குடுக்கணும்."

கேள்வி பெரிதுதான், ஒத்துக்கொண்டேன். டிஎன்ஏ வந்த பிறகு தெரிந்துகொண்டதற்கு நான் எப்போதும் நன்றியோடு இருப்பவள். நம் கரிசல் காட்டுக் கருவேலத்தை நாங்கள் படித்த காலத்தில் அக்கேசியா என்று எழுதினோம். அக்கேசியா என்று சேர்த்து வைத்திருந்த கூட்டம் ஒரே கிளையிலிருந்து வந்ததில்லை என்று மரபணு ஆய்வுகள் காட்டின. பிரிக்க வேண்டியதாயிற்று. 2005ல் வியன்னாவில் கூடிய உலகத் தாவரவியல் மாநாடு, அக்கேசியா என்ற பெயரை ஆஸ்திரேலியக் கூட்டத்துக்குக் கொடுத்தது. நம் கருவேலத்துக்கும் வெள்வேலுக்கும் வேறு பெயர் வேண்டும். அந்தப் பெயர் தயாராக இருந்தது: வாசெலியா. 1834ல் இதே ராபர்ட் வைட்டும் அவரோடு சேர்ந்து எழுதிய ஆர்னாட்டும் வைத்த பெயர். சீமைக்கருவேலத்துக்கும் இதே கதைதான். அது இருந்த புரோசோபிஸ் பேரினத்தை 2022ல் உடைத்தார்கள். சீமைக்கருவேலம் நெல்டூமா ஆகிவிட்டது. நம் வன்னி மரம் புரோசோபிஸாகவே இருக்கிறது. வெளியிலிருந்து வந்த முள்மரமும் கோயில் மரமும் இத்தனை நாள் ஒரே குடும்பப்பெயரில் இருந்ததே எனக்கு உறுத்தல், அது தீர்ந்தது.

ஆனால் என் மாணவனிடம் நான் கேட்டது வேறு. "அந்த அறுபது இலையையும் எந்தெந்தச் செடியிலிருந்து எடுத்தான்? அந்தச் செடிகளின் தாள் எங்கே இருக்கு?"

அவன் தேடிப் பார்த்தான். பதினோரு செடிக்குத்தான் தாள் எண் இருந்தது. மீதி நாற்பத்தொன்பதும் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்ட பையில் இலைத்துண்டாக வந்து, அரைத்து, தீர்ந்துவிட்டிருந்தது. நாளைக்கு ஒருவர் வந்து, இந்தக் கிளையில் இருப்பது நீ சொல்கிற செடி இல்லை என்றால், எதை எடுத்துக் காட்டுவான்? வரிசை சரியாக இருக்கும், பெயர் தப்பாக இருக்கும். அப்படித் தப்பான பெயரில் ஏறிவிட்ட வரிசைகள் பொதுத் தரவகங்களில் இருக்கின்றன என்று சொல்லிக்கொடுத்ததே இந்த மாணவன்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "சரி மேடம், ஆனா பையனுக்கு நானே எழுதுறேன்" என்றான். எழுதினான். இப்போது அந்தப் பையன் ஒவ்வொரு இலைத்துண்டுக்கும் ஒரு தாள் சேர்த்து எடுக்கிறான் என்று கேள்விப்பட்டேன். அடுத்த வருடம் அவன் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

பரிசு உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்திக்குப் போனது. அவள் வேலை கிலுகிலுப்பைச் செடிகளில். காய் முற்றிக் காய்ந்ததும் விதை உள்ளே உதிர்ந்து, ஆட்டினால் கிலுகிலு என்று சத்தம் வரும். அதனால் அந்தப் பெயர். அறிவியல் பெயரான குரோட்டலேரியாவும் கிலுகிலுப்பை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். வயலில் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கிற சணப்பையும் இதே கூட்டம். உலகத்தில் எழுநூறு இனம் இருக்கும். நாகமலை, சிறுமலை அடிவாரம், எழுமலைக்கு மேற்கே இருக்கிற கரடுகள் என்று நடந்திருக்கிறாள். அரிட்டாபட்டியில் மட்டும் பறிக்கவில்லை. 2022ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரிய இடமாக அறிவித்த ஊர் அது; பார்த்து, அளந்து, படம் எடுத்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள்.

அவள் கேள்வி சின்னது. இரண்டு பெயரில் எழுதிவருகிற இரண்டு மஞ்சள்பூக் கிலுகிலுப்பைகள் உண்மையில் ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. புதுச்செடி கண்டுபிடித்தால் செய்தித்தாளில் படம் வரும். இருந்த பெயர் ஒன்றைக் குறைத்தால் யார் படம் போடுவார்கள்? அதற்காகவே எனக்கு அவளைப் பிடித்தது. ஆனால் முடிவு செய்ய வைத்தது அது இல்லை.

ஐந்தாவது தாளின் சீட்டில் இடம், உயரம், மண், பூவின் நிறம், கூட வளர்ந்த செடிகள் எல்லாம் எழுதிவிட்டு, கீழே பென்சிலில் இரண்டு வரி எழுதியிருந்தாள். ஆடு மேய்க்கிற ஒரு பெரியவரின் பெயரைப் போட்டு, அவர் இதுவும் பாறைமேல் வளர்வதும் ஒன்றில்லை என்று சொல்கிறார்; இதை ஆடு கடிக்கும், அதைத் தொடாது என்கிறார், என்று. தன் கருத்துக்கு எதிரான சாட்சியைத் தன் தாளிலேயே, சொன்னவர் பெயரோடு ஒட்டி வைத்திருக்கிறாள். பரிசுக்கு அனுப்பும்போதும் அதை அழிக்கவில்லை. நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். குழுவில் மற்ற இரண்டு பேரும் அந்தத் தாளைப் பார்த்த பிறகு பேச அதிகம் இருக்கவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு மாடியில் பந்தல் போட்டுக் கொடுத்தோம். முப்பது பேர் இருப்போம். அந்தப் பெண் பெரியவரையும் பஸ்ஸில் கூட்டி வந்திருந்தாள். சாப்பாட்டுக்கு அப்புறம் அவரை உட்கார வைத்துக் கேட்டோம்.

"எதை வச்சு ரெண்டும் வேறேன்னு சொல்றீங்க, ஐயா?"

"நானா சொன்னேன்? ஆடு சொல்லுது. கீழ இருக்கிறத ஒரு கடி கடிச்சுப் பாக்கும். பாறை மேல இருக்கிறத மோந்துட்டு அங்கிட்டுப் போயிரும்."

கிலுகிலுப்பைகளில் கால்நடைக்கு ஆகாத ஆல்கலாய்டு என்கிற நச்சுப்பொருள்கள் உண்டு. இனத்துக்கு இனம் அளவு மாறும். அதை அவருக்குச் சொன்னோம். அவர் தலையாட்டிவிட்டு, அந்தப் பெண்ணைப் பார்த்து, "இந்தத் தாயி ரெண்டு மழைக்கும் வந்துச்சு. மத்தவுக ஒருக்கா வந்துட்டுப் போயிருவாக" என்றார். அன்றைக்குப் பேசியவர்களில் அவளைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை.

பணத்தை வைத்து அவள் வைகாசியில் கோயம்புத்தூர் போனாள். அங்கே தாவரவியல் கணக்கெடுப்பு நிறுவனத்தின் தெற்கு மையத்தில் மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற உலர்செடித் தாள்களின் சேமிப்பகம் இருக்கிறது. பழைய சென்னை மாகாணத்துச் செடிகள் எல்லாம் அங்கேதான். பதினோரு நாள் தங்க அறை வாடகை, சாப்பாடு, பஸ். நான் அவள் வயதில் இதே மாதிரித் தாள் ஒப்பிட, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்துக்குக் காலையில் கிளம்பி ராத்திரியே திரும்பி வருவேன். தங்கக் காசு இருக்காது. நாலு மணி நேரம் பார்ப்பதற்கும் பதினோரு நாள் பார்ப்பதற்கும் இருக்கிற வித்தியாசம் எனக்குத் தெரியும். அதனால்தான் பட்டயத்தையும் கேடயத்தையும் விட்டுவிட்டு, பணமாகத் தர வேண்டும் என்று நின்றேன்.

ஆறாம் நாள் சாயங்காலம் போன் செய்தாள்.

"மேடம், நான் நினைச்சது தப்பு. ரெண்டும் வேற வேறதான்."

"எதை வச்சுச் சொல்ற?"

"தண்டுல இருக்கிற முடி மேடம். ஒண்ணுல தண்டோட ஒட்டிப் படுத்திருக்கு, இன்னொண்ணுல விரிஞ்சு நிக்குது. நீங்க குடுத்த லென்ஸ்லயே தெரியுது. பதினாலு தாள் பாத்துட்டேன், ஒண்ணுலகூட மாறல. நான் கொண்டுவந்ததுல காய்ஞ்சு நசுங்கினதுனால வித்தியாசம் தெரியாமப் போச்சு." கொஞ்சம் நிறுத்தி, "தாத்தாகிட்டச் சொல்லணும்" என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

அவளுடைய ஐந்து தாளில் இரண்டை அடுத்த பயணம் வரைக்கும் என்னிடமே வைத்திருக்கச் சொல்லியிருந்தாள். எடுத்துப் பார்த்தேன். இலைக்காம்பின் கீழே, நசுங்காத ஓர் ஓரத்தில், முடி விரிந்துதான் நின்றது. மாசியில் இதே லென்ஸால் நானும் இதே தாளைப் பார்த்தேன், எனக்கும் கண்ணில் படவில்லை. அவள் போனில் சொல்லச் சொல்ல, சரியான பெயரையும் அவள் பெயரையும் தேதியையும் சின்னச் சீட்டில் எழுதி, பழைய சீட்டுக்கு மேலே இடம் பார்த்து ஒட்டினேன். பழைய சீட்டை எடுப்பதில்லை, அது அப்படியே இருக்கும். பென்சில் வரிகள் மறையாமல் இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, பசை காய்கிற வரைக்கும் மேலே மணல் பையை வைத்தேன்.